வெட்டுவதற்கு முன்பே உருவாகும் கழிவு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் சிறிய பெயர்ப்பலகைக் கடை நடத்திவருகிறேன். ஸ்டிக்கர் செய்யும் வினைல் தாளின் துண்டு, பிவிசி பிளாஸ்டிக் அட்டைச் சீவல், அக்ரிலிக் ஓரம், அச்சில் கெட்டுப்போன பேனர் என்று கடையில் சேரும் கழிவில் பெரும்பகுதி, கத்தி அட்டையைத் தொடுவதற்கு முன்பே, வாடிக்கையாளரிடம் அளவு எழுதிக்கொள்ளும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம். மறுசுழற்சியைப் பற்றி நம் தொழிலில் நிறையப் பேசுகிறோம். ஆனால் பிளாஸ்டிக்கும் பசையும் மையும் ஒன்றோடொன்று ஒட்டிய பிறகு அவற்றைத் திரும்பப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே கழிவைக் குறைக்க நினைப்பவர் குப்பைத் தொட்டியை விட்டுவிட்டு அளவுநாடாவிலிருந்து தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பிவிசி ஃபோம் அட்டை பெரும்பாலும் 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் கொண்ட ஷீட்டாகவே வருகிறது. ஒருவர் 1300-க்கு 900 என்று பலகை கேட்டால், ஒரு ஷீட்டில் ஒன்றுதான் எடுக்க முடியும்; எப்படித் திருப்பிப் போட்டாலும் இரண்டாவது பலகை அதில் அடங்காது. ஷீட்டின் பரப்பில் 39 சதவீதம் மட்டுமே பலகையாகிறது. நீளத்தில் 100 மி.மீ. விட்டுக்கொடுத்து 1200-க்கு 900 என்று வைத்தால் அதே ஷீட்டில் இரண்டு வரும், பயன்பாடு 72 சதவீதத்தைத் தாண்டும். 1200-க்கு 600 என்றால் நான்கு பலகைகள். ஏறக்குறைய 97 சதவீதம் பயன்பட்டுவிடுகிறது. 1220-க்கு 610 என்று காகிதத்தில் அழகாக நான்காகப் பிரிப்பவர்கள் வாள் தின்னும் தடிப்பை மறந்துவிடுகிறார்கள். வெட்டி முடித்த பின் பலகைகள் சில மில்லிமீட்டர் குறைந்து நிற்கும். பலகையைப் பொருத்தும் சட்டம் ஏற்கெனவே அளவுக்குச் செய்து வைக்கப்பட்டிருந்தால், அந்தப் பலகைகளையும் சேர்த்தே தூக்கிப்போட வேண்டும்.

இதை வாடிக்கையாளரிடம் வாயால் விளக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆகவே கொட்டேஷனில் பலகையின் விலையை ஒரு வரியிலும், அதே ஷீட்டில் வீணாகும் பகுதியின் விலையை அடுத்த வரியிலும் எழுதிக்கொடுக்கிறேன். சுவரில் 1300 மி.மீ. இடம் இருக்கிறது என்பதற்காக மட்டுமே அந்த அளவைச் சொன்னவர்கள், அந்த இரண்டாவது வரியைப் பார்த்ததும் அளவைத் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். உண்மையிலேயே அந்த அளவு தேவைப்படுகிறவர்கள் முழு ஷீட்டுக்கும் பணம் கொடுக்கிறார்கள். மீதித் துண்டு அவர்களுக்கே உரியது என்பதால், வேண்டுமானால் எடுத்துச் செல்லலாம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

வினைல் ரோலுக்கும் இதே கணக்குதான். 1370 மி.மீ. அகல ரோலில் 1000 மி.மீ. அகலப் படத்தை அச்சிட்டால், பக்கவாட்டில் முந்நூறுக்கு மேல் வெறுமையாக ஓடும். அவசரமில்லாத சிறு ஸ்டிக்கர் வேலைகளை இரண்டொரு நாள் நிறுத்திவைத்து அந்த ஓரத்தில் சேர்த்து அச்சிடுவது நல்லது. ஆனால் இடம் வீணாகிறதே என்று யாரும் கேட்காத ஸ்டிக்கர்களை அச்சிட்டுக் குவிப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் அது வெற்று வினைல் கழிவை மை தோய்ந்த கழிவாக மாற்றுவதே தவிர வேறில்லை. துண்டுகளைச் சேமிப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். 300 மி.மீ. சதுரத்துக்குக் குறைந்ததை நான் வைத்துக்கொள்வதில்லை. அதற்கு மேற்பட்டதன் ஓரத்தில் அளவையும் மாதத்தையும் பென்சிலால் எழுதி, நூலகப் புத்தகங்களைப் போல முதுகு தெரிய நிமிர்த்தி அடுக்குகிறேன். படுக்கவைத்து அடுக்கிய துண்டுகளில் அடியில் இருப்பதை யாரும் தேடி எடுப்பதில்லை.

எழுத்துப் பிழையால் வீணாகும் பேனர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழ் அச்சிடும் கடைகளுக்கு இது தனிப்பட்ட தொல்லை. சில வடிவமைப்பு மென்பொருள்களின் பழைய பதிப்புகள் யூனிகோட் தமிழைச் சரியாகக் கோப்பதில்லை: ‘கோயில்’ என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், மெய்யெழுத்தின் புள்ளி தன் எழுத்தை விட்டு விலகித் தனியே மிதக்கும். இங்கே பல குடும்பங்களில் வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டதால், ஆர்டர் கொடுக்க வரும் நிர்வாகக் குழுவினரில் எல்லோராலும் அதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. மூன்று மீட்டர் பேனர் கோயில் வாசலில் கட்டப்பட்ட பிறகு, தமிழ் படித்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்க்கும்போதுதான் தவறு வெளிப்படும். ஆகவே தமிழ் வாசகம் உள்ள எந்த வேலையையும் முதலில் ஏ4 தாளில் எடுத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்த பின்பே, எழுத்துகளை இனி கலையாத கோட்டுருவாக, அதாவது படமாக, மாற்றி அச்சுக்கு அனுப்புகிறேன். ஒரு தாள் செலவில் ஒரு பேனர் தப்பிக்கிறது.

கோயில் பேனர்களில் இன்னொரு வழியும் இருக்கிறது. தைப்பூசக் காவடி, ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் பெருங்கூட்டம், ஆடிக் கூழ் வார்ப்பு என்று ஆண்டு முழுவதும் விழாக்கள் வருகின்றன. பல கோயில்களில் ஒவ்வொரு விழாவுக்கும் புதிய பேனர் அடிக்கிறார்கள். பழையதில் மாறுவது தேதி மட்டுமே. ஒரு நிர்வாகக் குழுத் தலைவரிடம், “ஐயா, முருகன் படமும் கோயில் பெயரும் அப்படியே இருக்கட்டும், தேதிக்கு மட்டும் கீழே தனிப் பட்டை வைத்துத் தருகிறேன்” என்றேன். “போன வருஷத்து பேனர்னு ஜனங்க நினைக்கமாட்டாங்களா தம்பி?” என்று தயங்கினார். பட்டையின் நிறத்தை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம் என்றதும் ஒப்புக்கொண்டார். பேனரின் கீழ்ப்பகுதியில் வெல்க்ரோ தைத்து, 200 மி.மீ. உயரப் பட்டையை அதில் ஒட்டுகிறோம். விழா முடிந்ததும் பேனரை மடிக்காமல் குழாயில் சுருட்டி வைத்தால் மடிப்புக் கோட்டில் மை உதிராது. வெயிலில் நிரந்தரமாகத் தொங்காத பேனர் பல ஆண்டுகள் தாங்கும்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023 ஆம் ஆண்டுகளில் பாதி அச்சில் நின்றுபோன பேனர்கள் பெரும் கழிவாயின. நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தால் கோடு விழும் என்பதால் பெரிய வேலைகளை அட்டவணை பார்த்தே தொடங்கினோம். அன்று வாங்கிய இன்வெர்ட்டரை இன்றும் அச்சு எந்திரத்திலிருந்து கழற்றவில்லை.

இவ்வளவு செய்தும் மிஞ்சுவது மிஞ்சத்தான் செய்கிறது. அலுமினியத்தையும் குரோமாடெக் என்னும் வண்ணம் பூசிய எஃகுத் தகட்டையும் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். தேர்தல் காலத்தில் விளக்குக் கம்பங்களில் தொங்கும் கோரெக்ஸ் அட்டை, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தால் அதற்கும் ஆள் உண்டு. பழைய விளக்குப் பெட்டிகளிலிருந்து கழற்றும் டியூப் லைட்டுகளில் பாதரசம் இருப்பதால் அவற்றை உடைக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். பிவிசி பேனரை மட்டும் யாரும் விரும்புவதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கூரை மூட என்று பழைய பேனர்களைக் கேட்டுப் பலர் வந்தார்கள். இப்போதும் காய்கறி வியாபாரிகள் எடுத்துச் செல்கிறார்கள்.

கடைக்குப் பின்னால் டிரம்மில் போட்டு எரித்துவிடலாம் என்று நினைப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். தூய பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்சின்கள் என்னும் நச்சுப்பொருள்களும் வெளிவரும். இதே காரணத்தால் பிவிசியை லேசர் எந்திரத்தில் வெட்டவும் கூடாது. குப்பையின் பக்கத்தில் வாழ்வது என்னவென்று நம் ஊருக்குத் தெரியும். இந்திய வம்சாவளியினர் வாழ்ந்த கிளேர் எஸ்டேட்டில், வீடுகளுக்கு எதிரே 1980இல் தொடங்கிய பிசாசர் சாலைக் குப்பைக் கிடங்கை மூடச் சொல்லிப் போராடிய சஜிதா கான், 2007இல் புற்றுநோயால் இறந்தார். நாம் வெளியே தூக்கிப்போடும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீட்டுக்கு எதிரே போய்ச் சேருகிறது என்பதை அவர் பெயர் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

என் கடையில் இன்னும் வழி பிறக்காதது, வினைலை உரித்த பின் மிஞ்சும் பின்தாள். சிலிக்கோன் பூசியிருப்பதால் சாதாரணக் காகிதத்தோடு சேர்க்க முடியாது. பசை தடவும் மேசையில் விரிக்கவும் அக்ரிலிக் எழுத்துகளைப் பொதியவும் முடிந்தவரை பயன்படுத்துகிறேன், ஆனாலும் சேர்ந்துகொண்டே போகிறது. டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ அதை வாங்கிக்கொள்ளும் இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சுத்தமாகச் சுருட்டி, என் வண்டியிலேயே கொண்டுவந்து கொடுக்கிறேன்.