ஜாமீன் கிடைத்தது, காசநோய் மாத்திரை கிடைக்கவில்லை

தம்பிக்குக் காசநோய் இருப்பது ரிமாண்டில் இருந்தபோதுதான் தெரிந்தது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் சிறைக்குள்ளேயே ஒழுங்காக நடந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தண்டனைக் கைதி என்றால் விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரியும். ரிமாண்டில் இருப்பவருக்கு அது கிடையாது. ஜாமீன் உத்தரவு போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அந்நேரம் உள்ளே டாக்டர் இல்லை. வாட்ச், பெல்ட் எல்லாம் எண்ணிக் கொடுத்தவர்கள் மாத்திரையோ சீட்டோ தரவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "உள்ளே மாத்திரை சாப்பிட்டதற்கு என்ன ஆதாரம்? புதுசா சளி கொடுங்க, ரிசல்ட் வரட்டும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். வழக்கமான 6 மாதச் சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் மூன்று மருந்து. தம்பி மூன்றாவது மாதத்தில் இருந்தான். இந்த நிலையில் இடைவெளி விழுந்தால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். அதைச் சொன்னதற்கு, "நீங்க டாக்டரா?" என்றார்.

வாதாட நேரமும் இல்லை. கண்டிஷன் பெயில், பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஓ.பி. நடப்பதும் அதே நேரம்தான்!

காப்பாற்றியது நிக்‌ஷய் எண். அரசுப் பதிவில் ஏறிய காசநோயாளி ஒவ்வொருவருக்கும் அது உண்டு, நாடு முழுக்கச் செல்லும். சிறை நல அலுவலரைப் போனில் பிடித்தேன். பாவம், நல்ல மனிதர், தேடி எடுத்து எண்ணை வாசித்தார். காசநோய் மேற்பார்வையாளர் அதைக் கணினியில் தட்டியதும் பரிசோதனை முடிவு, எடை, மருந்து தொடங்கிய தேதி எல்லாம் வந்துவிட்டன. மாத்திரை அன்றே கைக்கு வந்தது. மறுபடி சளி கேட்கவே இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி உள்ளே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மனு பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்க, போகும்போதே அந்த எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். ஜாமீன் மனு போட்டதுமே, வெளியே வரும்போது சில நாள் மாத்திரையும் சிகிச்சைச் சீட்டும் வேண்டும் என்று நல அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். மாத்திரை கிடைக்காமல் எங்கேயாவது தவித்தால் 1800-11-6666, காசநோய்க்கான கட்டணமில்லா உதவி எண். கையெழுத்து நேரத்தையும் வக்கீல் மூலம் மாற்றலாம். சிகிச்சைச் சீட்டை வைத்து எங்கள் வக்கீல் மனு போட்டார், மாலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு (2024 நவம்பருக்கு முன் 500). அது பேங்க் கணக்கில்தான் ஏறும். அவன் கணக்கோ நெடுநாள் தொடாமல் கிடந்து முடங்கிவிட்டது. கே.ஒய்.சி.க்கு ஆதாரோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் காலை பத்தரைக்கு மேல்தானாம்.