சீனாய் மலையடியில் புனித கத்தரீன் மடம்

எகிப்து வழியாகப் புனித நாட்டுப் பயணம் போகிறவர்களில் பலர் சீனாய் மலை உச்சியில் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு, அடிவாரத்து மடத்தைக் கோட்டை விடுகிறார்கள். பொதுவாகக் காலை 9 மணிக்குத் திறந்தால் நண்பகலுக்குள் சாத்திவிடுவார்கள். வெள்ளி, ஞாயிறு, கிரேக்கத் திருச்சபைப் பெருவிழாக்களில் பார்வையாளருக்கு வழியில்லை. ஆராதனைக்கென்றே ஞாயிறு பார்த்துப் போய்ப் பூட்டிய வாசலில் நிற்பது கொடுமை.

உச்சி 2285 மீட்டர். இரவு இரண்டு மணிக்குள் ஏறத் தொடங்க வேண்டும்; பெதுவின் (பாலைவனப் பழங்குடி) வழிகாட்டி கட்டாயம். வழிநெடுக "கேமல், கேமல்" என்ற நச்சரிப்பு ஓயாது, அதுவும் நமக்கு மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து. ஒட்டகத்தில் போனாலும் கடைசி 750 படிகளைக் காலால்தான் ஏற வேண்டும்; அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கூலி போகவா, போய்வரவா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். வியர்த்த சட்டையோடு உச்சியில் உட்கார்ந்தால் குளிர் எலும்பைப் பிடிக்கும், மாற்றுத்துணி வேண்டும். இறங்கும்போது முழங்கால் வலிக்காரர்கள் 'மனந்திரும்புதல் படிகள்' எனப்படும் 3750 கற்படி வழியின் பக்கம் போகாமல் ஒட்டகப் பாதையிலேயே வரட்டும்.

மடத்தைக் கட்டுவித்தவர் 6ஆம் நூற்றாண்டில் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன். பீடத்துக்கு மேலே ஆண்டவர் மறுரூபமான மொசைக். இருபுறமும் மோசேயும் எலியாவும். இருவருமே தேவனைச் சந்தித்த மலை இதுதானே! கூட்டம் நெட்டித் தள்ளும், பீடத்துக்கு முன்னுள்ள திருவுருவத் திரைச்சுவரும் பாதியை மறைக்கும், கிடைத்தவரை பாக்கியம்.

அருங்காட்சியகத்தில் அவசரம் வேண்டாம். மெழுகில் வண்ணம் குழைத்து வரைந்த கிறிஸ்துவின் திருவுருவம், அதுவும் 6ஆம் நூற்றாண்டு. பின்னாளில் அந்தப் பேரரசு முழுக்கத் திருவுருவங்களை அழித்த காலத்தில் சீனாய் இஸ்லாமிய ஆட்சியில் இருந்ததால் பேரரசரின் கை இங்கே எட்டவில்லை. ஆண்டவர் எதைக் கொண்டு எதைக் காப்பார் என்று யார் கண்டது! முகத்தின் ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள், பிறகு மறு பாதியை. ஒன்றில் இரக்கம், மற்றதில் நியாயத்தீர்ப்பு. அந்தப் பார்வைக்கு முன் விண்ணப்பப் பட்டியல் எல்லாம் மறந்துபோகும். ஸ்தோத்திரம் ஒன்றுதான் வாயில் வரும்.

மோசே எரியக் கண்டதாகச் சொல்லப்படும் முட்செடி, ஆலயத்தின் பின்புறம். அதையொட்டிய சிற்றாலயத்துக்குள் பாதரட்சை கழற்றித்தான் நுழைய வேண்டும்; எல்லாருக்கும் திறப்பதில்லை. வெளியே செடியருகே நின்று ஜெபிக்கலாம். இலை மட்டும் கிள்ளாதீர்கள்.