மத்தியானம் மூணேகால் மணி சுகர்

ஏப்ரல் 9, 2025, புதன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஏ1சி 8.1. வெறும் வயிற்றில் 118. டாக்டரம்மா இரண்டு எண்ணையும் பேனாவால் சுழித்துவிட்டு, "காலைல தெப்பக்குளத்தச் சுத்தி நடக்குறீங்க, அது வெறும் வயித்துக் கணக்குல தெரியுது. மத்தியானம் என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

மத்தியானம் உட்கார்ந்திருக்கிறேன். மதுரை மேலமாசி வீதியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இரவு ஏழுக்கு எழுந்திருப்பேன். மாதக் கடைசித் தேதிகள் வந்தால் ஒன்பது.

ரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் ஏ1சி அளக்கிறது. அதனால் அது ஒரு நாள் கணக்கல்ல, இரண்டு மூன்று மாதச் சராசரி. 8.1 என்றால் சராசரியாக 186 வருகிறது. காலையில் 118 இருப்பவருக்குச் சராசரி 186 என்றால், பகலில் எங்கோ அது 240, 250 என்று ஏறி நிற்கிறது என்றுதான் அர்த்தம். இத்தனை வருஷமாகக் காலை எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக இருக்கும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

நான் போடும் சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், அதன் அளவை இப்போது ஏற்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் கொஞ்ச நாள் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு 11, 20 இரண்டும் தேதி அல்ல, காய்ச்சல்.

சாப்பிடுவதற்கு முன் 124. சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். ஒன்றேகாலுக்கு முதல் வாய் வைத்தேன், மூன்றேகாலுக்கு அளந்தேன். இரண்டு மணி நேரத்தை முதல் வாயிலிருந்துதான் எண்ண வேண்டும். கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பழம் நறுக்கிய கையோடு குத்தினால் இல்லாத சர்க்கரை எல்லாம் மீட்டரில் ஏறும்.

243.

இலக்கு 180க்குக் கீழே. இடைப்பட்ட நேரத்தில் டப்பா கழுவப் போனதைத் தவிர நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு கிளையன்ட் போனை வைத்தால் அடுத்தவர் கூப்பிடுகிறார்.

ஏப்ரல் 16, புதன்

அதே சாப்பாடு, அதே அளவு. சாப்பிட்டு முடித்ததும் நடந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஏப்ரல் வெயிலில் ஒரு மணிக்கு மாசி வீதியில் இறங்க முடியாது. மாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், நடுவில் படிக்கட்டு ஏறி இறங்கி, பன்னிரண்டு நிமிஷம். மூன்றேகாலுக்கு 181.

ஒரே ஒரு எண்ணை வைத்துச் சந்தோஷப்படக் கூடாது. வீட்டு மீட்டர்களுக்கு ஏறத்தாழ 15 சதவீதம் கூடக்குறையக் காட்ட அனுமதி உண்டு. 181 என்பது உண்மையில் 160 ஆகவும் இருக்கலாம், 200ஐத் தாண்டியும் இருக்கலாம். அதனால் நடந்த நாள், நடக்காத நாள் என்று மாற்றி மாற்றி அளந்துகொண்டே வருகிறேன். உட்கார்ந்த நாட்களில் 220க்குக் கீழே இறங்கவே இல்லை. நடந்த நாட்களில் 200ஐத் தாண்டவில்லை. இப்போது நம்புகிறேன்.

காரணம் தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இன்சுலின் சுரந்தாலும் செல் அதற்குச் சரியாகக் கதவு திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இன்சுலின் இல்லாமலே கொல்லைப்புற வாசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. உட்கார்ந்திருக்கும்போது அந்த வாசலும் சாத்தியே கிடக்கிறது. சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற நேரத்தில் கால் அசைய வேண்டும். காலை ஐந்தரைக்கு நடந்த நடை மத்தியானச் சோற்றுக்கு முழுசாக ஈடாகாது.

ஸ்ட்ரிப் விலை எல்லோருக்கும் கட்டாது. நாள் முழுக்கக் குத்துவதற்குப் பதிலாக ஒரே வேளையை எடுத்துக்கொண்டு முன், பின் என்று ஜோடியாக அளந்தால் குறைந்த ஸ்ட்ரிப்பில் நிறைய தெரிகிறது.

ஏப்ரல் 19, சனி

நாளை 20, ஜிஎஸ்டி மாதாந்திரக் கணக்கு 3பி தாக்கல் செய்ய வேண்டும். ஞாயிறாக இருப்பதால் இன்றே முடித்துவிடலாம் என்று எல்லோரும் இருந்தோம். இரண்டரை மணி ஆகியும் யாரும் சாப்பிடவில்லை. எதிர் சீட் சீனியர் அண்ணன் திடீரென்று ஒரே தொகையை மூன்று முறை வாசித்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தும். கை நடுங்கியது.

அவர் கிளிமிபிரைடு போடுகிறவர். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு சுகர் அதிகம் தாழ்ந்து போகாது. கிளிமிபிரைடு அப்படியில்லை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். என் மீட்டரில் பார்த்தேன், 58. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். "சுகர்காரருக்குச் சக்கரை குடுக்குறீங்களேக்கா" என்று ஜூனியர் தம்பி பதறினான். அந்த நேரத்தில் அதுதான் மருந்து. சாக்லேட், கிரீம் பிஸ்கட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிஷம் கழித்து 84. பிறகு தயிர் சாதம் சாப்பிட்டார். மயங்கி விழுந்தவராக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நேரே 108.

ஆடிட்டர் சார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தத் தேதியா இருந்தாலும் ஒன்றரைக்கு எல்லாரும் எந்திரிச்சு சாப்பிட்டாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த உத்தரவு வருவதற்கு ஒருவர் வேர்த்து விறுவிறுத்துப் போக வேண்டியிருந்தது. எல்லா ஆபீஸிலும் முதலிலேயே இருக்க வேண்டிய விதி இது.

மே 3, சனி

டப்பா மாறிவிட்டது. சோறு ஒரு கப். மீதி இடத்தில் கீரை, கூட்டு, அவரைக்காயோ புடலங்காயோ ஒரு பொரியல். முதலில் காய், பிறகு சோறு. அதே உணவை இந்த வரிசையில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்பதை என் மீட்டரிலேயே பார்த்தேன்.

அத்தைக்கு இதில் மனசு ஆறவில்லை. "சோத்தக் குறைச்சா ஒக்காந்து வேலை பாக்கத் தெம்பு எங்கருந்தும்மா வரும்?" என்று கேட்டுக்கொண்டே ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். அன்பை மறுக்காமல் குடித்துவிட்டு அளந்தேன், 228. கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாக்கிவிட்டால் சீக்கிரமே சர்க்கரையாகிவிடும். சிறுதானியம் என்ற பேருக்காக அளவில்லாமல் சாப்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது. கருப்பட்டி போட்ட பருத்திப்பாலும் அப்படித்தான். கருப்பட்டியும் சர்க்கரையே.

நான்கு மணிக்குச் சீனி இல்லாத டீ. கூட பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல்.

மே 9, வெள்ளி

இன்று தேரோட்டம். நான்கு மாசி வீதியும் ஜனம். நேற்று திருக்கல்யாணம், திங்கட்கிழமை அழகர் ஆற்றில் இறங்குகிறார். ஆபீஸ் லீவு.

தேருக்குப் பின்னால் பலர் வெறுங்காலில் போனார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் வருஷா வருஷம் நடப்பார். ஒரு சித்திரையில் பாதத்தில் கொப்புளம் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சுகர் நாள்பட்டதில் காலில் உணர்ச்சி மங்கிப் போயிருந்தது. புண் ஆழமாகி இரண்டு விரலை எடுத்தார்கள். சூடு தெரியாத காலை தார் ரோட்டில் வைப்பது பக்தி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. மீனாட்சி யாருடைய காலையும் கேட்கவில்லை. சுகர் உள்ளவர்கள் தயவுசெய்து செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம்.

நான் செருப்போடுதான் நின்று கும்பிட்டேன்.

ஜூன் 4, புதன்

வருமான வரிக் கணக்குக்குக் கடைசித் தேதியை ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளிவிட்டார்கள். மூச்சு விட இடம் கிடைத்த நேரத்தில் ஆடிட்டர் சாரிடம் பேசினேன்.

பிரிண்டரை என் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஹாலின் மறு கோடிக்கு மாற்றச் சொன்னேன். தண்ணீர் கேனையும் அங்கேயே. வேலை கெடுமே என்றார். 1953ல் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே ரூட். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2012ல் உடல் பருத்தவர்களை வைத்துப் பார்த்தபோது, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டே நிமிஷம் நடந்தாலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய குளுக்கோஸ் குறைந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கச் சொல்கிறது.

சார் கணக்குக்கு மரியாதை கொடுப்பவர். பிரிண்டர் நகர்ந்தது.

இப்போது போனில் அலாரம் அதிர்ந்தால் எழுகிறேன். கிளையன்ட் போன் எல்லாம் நின்றபடிதான். எழவே முடியாத நேரத்தில் மேசைக்கடியில் குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். நடைக்கு அது ஈடு இல்லை, சும்மா இருப்பதற்கு மேல்.

ஜூலை 12, சனி

ஏ1சி 7.2.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றவில்லை. ஏழுக்குக் கீழே கொண்டுவரலாம், அவசரப்பட வேண்டாம் என்றார். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போடுவதால் பி12 வைட்டமின் குறையலாம் என்று அதையும் எடுக்கச் சொன்னார். எடுத்ததில் குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டுக்கொள்கிறேன். விழித்திரை சுத்தம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை. கண், சிறுநீர் இரண்டையும் வருஷம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும், இரண்டுமே கெடும்போது சத்தம் போடுவதில்லை.

ஆபீஸில் ஒரு விஷயம் நடந்தது. ஜூனியர் தம்பிக்கு இருபத்தேழு வயசு. இன்று காலை சாப்பிடாமல் வந்தவன், "எனக்கும் ஒரு தடவ பாருங்கக்கா" என்று விரலை நீட்டினான். 112. அவன் அப்பா, அம்மா இருவருக்கும் சுகர். நூறுக்கு மேல், 126க்குக் கீழ் என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறான், மீட்டர் சொல்வது சரியாக இருந்தால். முகம் வாடிவிட்டது.

இந்தக் கட்டத்தில் நிற்பவனுக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. எல்லைக்கோட்டில் இருந்தவர்களைச் சென்னையில் மூன்று வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2006ல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் சுகர் வருவது 28.5 சதவீதம் குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் கொடுத்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 26.4. நம் ஊர்க்காரர்கள், நம் சாப்பாடு. அவனிடம் சொன்னேன்.

மீட்டரை வைத்து முடிவு கட்ட முடியாது, லேபில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வெறும் வயிற்றோடு சிம்மக்கல் லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன். பி12 ஊசியையும் அப்படியே போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.