சல்லடை ஆடினால் செய்தி வரும்

தம்பலகாமத்தில் என் மாமாவுக்கு நெல் ஆலை இருக்கிறது. போன பெரும்போக அறுவடை நேரம் சல்லடைக்குப் பின்னால் உள்ள பெயரிங் சூடேறி இறுகி, மில் இரண்டு நாள் நின்றது. அந்தப் பெயரிங்கின் வெப்பத்தைப் பார்க்க ஒரு சென்சரை நான்தான் முன்பே பொருத்திக் கொடுத்திருந்தேன். அதன் பட்டன் பற்றரி எப்போதோ தீர்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. பற்றரி மாற்ற மூடியைக் கழற்ற வேண்டும், கழற்ற மில்லை நிறுத்த வேண்டும். அறுவடை நாளில் யார் நிறுத்துவார்? மாமா ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரி, பற்றரியே இல்லாமல் செய்வோம் என்று இறங்கினேன். சல்லடைதான் நாள் முழுக்க ஆடுகிறதே.

முதலில் எடுத்தது பீசோ தட்டு. வளைத்தால் மின்னழுத்தம் தரும் பொருள் அது. இந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் சோதித்த கற்களில் ஒன்று டூர்மலின். அந்தப் பெயரே சிங்களத் 'தோரமல்லி'யிலிருந்து போனது. ஒல்லாந்தர் நம் தீவிலிருந்து கப்பலேற்றிய கல். இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் பீசோ எனக்குக் கைகொடுக்கவில்லை. தட்டின் நுனியில் ஒரு நட்டை ஒட்டி, மோட்டரின் அதிர்வுக்குச் சரியாக இசைய வைத்தேன். வெறுமனே ஓடும்போது மோட்டர் நொடிக்கு ஏறத்தாழ 25 சுற்று, மின்சாரம் நன்றாக வந்தது. நெல்லைக் கொட்டி லோட் ஏறியதும் மோட்டர் 24க்கு இறங்கும். அந்த ஒரு சுற்று வித்தியாசத்திலேயே மின்சாரம் படுத்துவிட்டது. மில் வேலை செய்யும் நேரத்தில்தானே எனக்கு அது வேண்டும்.

அப்புறம் பழைய வழிக்கே போனேன்: காந்தமும் சுருளும், 1831இல் பரடே காட்டியது. ஒரு சாண் பிவிசி குழாய். இரண்டு முனையிலும் ஒவ்வொரு காந்தம், நடுவில் அவற்றால் தள்ளப்பட்டு மிதக்கும் இன்னொன்று. சல்லடை நொடிக்கு ஐந்து தடவை முன்னும் பின்னும் போகும்போது நடுக்காந்தமும் குழாய்க்குள் ஓடும். வடகரை வீதியில் மோட்டர் கட்டும் கடையொன்றில் தலைமுடி மாதிரியான செம்புக் கம்பி வாங்கி இரண்டாயிரம் சுற்று சுற்றினேன், வோல்ட் போதவில்லை. ஐயாயிரம் சுற்றினேன். இரண்டு தடவை கம்பி அறுந்தது. பொருத்தியதும் காந்தம் அசையவே இல்லை. சல்லடையின் இரும்புச் சட்டம் அதைப் பக்கத்துக்கு இழுத்துப் பிடித்திருந்தது. இடையில் மூன்று அங்குல மரக்கட்டை ஒன்றை வைத்த பிறகுதான் டக் டக் என்று ஓடத் தொடங்கியது.

"பற்றரி போடாமல் எப்படிப் பிள்ளை வேலை செய்யும்?" என்று மாமா கேட்டார். குடத்தில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் பிடிப்பது போல என்றேன். சுருளின் மின்சாரம் எல்டிசி3588 என்ற சிப் வழியாக 100 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றில் சேரும், அதுதான் குடம். 5 வோல்ட் அளவுக்கு நிறைந்ததும் சிப் கதவைத் திறக்கும். கிடைப்பது அரை மில்லி யூல் அளவுதான். புளூடூத் சென்சர் விழித்து, வெப்பம் பார்த்து, ஒரு செய்தி அனுப்ப அது போதும். மீதியையும் அங்கேயே செலவழித்துவிட்டு அணையும்படி வேண்டுமென்றே நிரல் எழுதியிருக்கிறேன். ஒரு செய்தி என்றால் ஒரு குடம். குடம் நிறைய எவ்வளவு நேரம் எடுத்தது என்பதிலேயே சல்லடை எப்படி ஆடுகிறது என்று தெரிந்துவிடும். வெப்பத்தைவிட இந்த இடைவெளிதான் இப்போது எனக்குப் பெரிதாகப் படுகிறது. மில் ஓடும் சத்தம் கேட்டும் செய்தி வரவில்லை என்றால் உடனே போய்ப் பார்க்கலாம். பற்றரி சென்சரில் அந்த மௌனத்துக்கு அர்த்தமே இல்லாமல் இருந்தது.

வழக்கமாக எட்டுச் செக்கனுக்கு ஒரு செய்தி வரும். இன்று காலை மாமா போன் எடுத்தார்.

"பிள்ளை, பதினொரு செக்கன் ஆகுது. பெல்ட் தளர்ந்திட்டுதோ?"

போய்ப் பார்த்தேன். தளர்ந்துதான் இருந்தது.