இரண்டு பக்கமும் கடல்: திருக்கோணமலையில் பிள்ளைகளுக்கான ஊர் அறியும் முகாம்

திருக்கோணமலை நகரத்தின் நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தி, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் எந்தப் பக்கம் கை காட்டினாலும் சரிதான். ஒரு பக்கம் டச்சுக் குடாவும் பின்குடாவும் கொண்ட வெளிக்கடல். மறுபக்கம் மலைகள் சூழ்ந்த உள்துறைமுகம். நகரம் இந்த இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது. "கடற்கரைப் பக்கமா நட, வீடு வரும்" என்று அம்மம்மா சொல்லிவிடும் வழி புதிதாக வந்த பிள்ளையை நேர் எதிர்த்திசைக்குக் கொண்டுபோவது இதனால்தான். பிள்ளைகள் தாங்களே வழி கண்டு ஊரைப் படிக்கும் ஐந்து நாள் ஊர் அறியும் முகாமின் முதல் பாடமும் இதுவே: சூரியன் எழும் கடல் ஒன்று, மலைகளுக்கு முன்னால் கப்பல் நிற்கும் கடல் இன்னொன்று. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் பாதி ஊர் பிடிபட்டுவிடும்.

வெளிநாட்டு நகரங்களில் கோடை விடுமுறையில் இப்படியான பகல் முகாம்கள் நடக்கின்றன. பிள்ளைகள் கையில் வரைபடத்தோடு பேருந்திலும் சுரங்க ரயிலிலும் ஏறி நகரத்தைப் படிக்கிறார்கள். ரொறன்ரோவில் 2015 முதல் 12 வயது வரையுள்ளவர்களுக்கு நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் கட்டணமில்லை, அதனால் அங்கே ஏற்பாடு இலகு. இங்கே அதை அப்படியே எடுத்துவந்தால் சரிவராது. தரிப்பிடத்தின் பெயரை அறிவிக்கும் குரல் இங்கே கிடையாது, நடைபாதை தொடர்ந்து இருக்காது, வெயிலும் வேறு மாதிரி.

முகாமுக்கு வரும் பிள்ளைகள் மூன்று வகை. பெற்றோரோடு ஊர் திரும்பிய, அல்லது விடுமுறைக்கு வந்த கனடா, ஐரோப்பியப் பிள்ளைகள். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து, குடும்பத்தோடு இலங்கைக்கு மீண்ட பிள்ளைகள். பெற்றோருக்கு இது சொந்த நாடு, பிள்ளைக்கு இது புது நாடு. மூன்றாவது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று வகையிலிருந்தும் இரண்டு இரண்டு பேர், மொத்தம் 6 பேர். வயது 8 முதல் 13. குழுவுக்குப் பெரியவர்கள் இரண்டு பேர்: ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். எந்தப் பெரியவரும் எந்த நேரத்திலும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது. இதில் விதிவிலக்கு வைக்க வேண்டாம், உறவினர் என்றாலும் சரி.

உள்ளூர்ப் பிள்ளையை வழிகாட்டியாக்குவது பலரும் விடும் பிழை. மற்ற ஐவரும் அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்து நடப்பார்கள், ஊரைப் பார்க்கமாட்டார்கள். தவிர, பள்ளிக்கூட வான் வண்டியிலேயே போய்வரும் பிள்ளைக்கு அடுத்த ஒழுங்கைகூட (சந்துகூட) தெரியாமலிருக்கும். ஆகவே உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு விதி: குழு மூன்று முறை கேட்ட பிறகுதான் வாய் திறக்கலாம். வழி பார்ப்பவர், நேரம் பார்ப்பவர், பெயர்ப்பலகை வாசிப்பவர், காசு வைத்திருப்பவர், காலடி எண்ணுபவர், தலை எண்ணுபவர் என்று ஆறு வேலைகள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறவேண்டும்.

காலம்: ஓகஸ்ட். கடல் அமைதி, மழை குறைவு, வெளிநாட்டுப் பள்ளிகளுக்கும் விடுமுறை. இலங்கைப் பள்ளி விடுமுறை அண்மைய ஆண்டுகளில் முன்பின்னாக மாறியிருப்பதால் அந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்தே திகதி வைக்கவும். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை வாடை மழை, அப்போது இதை நினைக்கவேண்டாம். ஓகஸ்டில் இருக்கும் ஒரே எதிரி கச்சான் காற்று. உலர்ந்த சூட்டுக் காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடுவதால், தண்ணீர் குறைவதைப் பிள்ளை உணராது. 7.30க்கு வெளிக்கிட்டு 10.30க்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு 1 லீற்றர் தண்ணீர், கடைசியாக வருபவரின் பையில் இன்னும் 2 லீற்றரும் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைத் தூள் பக்கற் இரண்டும். "தாகமா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் இல்லையென்றுதான் சொல்லும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறும்போது எல்லோரும் நாலு மிடறு குடிப்பதைச் சட்டமாக்கினால் கேட்கத் தேவையில்லை. பிற்பகலுக்குச் சனசமூக நிலையத்தின் மண்டபமோ பள்ளி மண்டபமோ போதும்; சோறு, படம் வரைதல், 2 மணிக்கு வீடு.

முதல் நாள் யாரும் தூரம் போவதில்லை. மண்டப வளவில் 100 மீற்றர் கயிறு பிடித்து ஒவ்வொரு பிள்ளையும் நடந்து காலடி எண்ணும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 160 காலடி வரும். வலது கால் விழும்போது மட்டும் எண்ணினால் 80. இடையில் கணக்கு விட்டுப்போகாது. வரைபடத்தில் 1 சென்ரிமீற்றருக்கு 50 மீற்றர் என்று வைத்தால் ஒவ்வொரு 80க்கும் 2 சென்ரிமீற்றர் கோடு. ஏ4 தாளில் ஓரம் விட்டு 18க்கு 25 சென்ரிமீற்றர் கிடைக்கும். அதற்குள் 900 மீற்றருக்கு 1250 மீற்றர் ஊர் அடங்கும். நகரின் நடுப்பகுதியில் ஒரு நாள் நடைக்கு அது தாராளம். அச்சடித்த வரைபடத்தை முதல் நாளே கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் பிள்ளை தானே வரைந்து, இரண்டாம் நாள் அச்சடித்ததோடு ஒப்பிடட்டும். எங்கே கோணல் வந்தது என்று பார்க்கும் அந்த அரை மணி நேரத்தில் கற்பது வேறெதிலும் கிடைக்காது. வழக்கமாகக் கோணுவது சந்திகளில்: திரும்பியதை எழுதியிருப்பார்கள், எவ்வளவு திரும்பியது என்பதை எழுதியிருக்கமாட்டார்கள்.

திசை பார்ப்பதில் ஒரு விசேடம் உண்டு, பெரியவர்களே தவறுவது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்கும்; அங்கே படித்த பிள்ளை அதையே இங்கும் நம்பும். திருக்கோணமலை 8½ பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. ஓகஸ்ட் 10 அளவில் 1 மீற்றர் தடியின் நண்பகல் நிழல் 12 சென்ரிமீற்றர்தான், அதுவும் தெற்கே விழும். மாதக் கடைசியில் நிழலே காலடிக்குள் மறைந்துவிடும். ஆகவே தடி நிழலைக் காலை 8 மணியளவில் பார்க்கவும். அப்போது அது ஏறக்குறைய மேற்கே நீளும். நண்பகல் நிழல் சுருங்கிப் போவதை மண்டப வாசலில் தினமும் சோக்குக் கட்டியால் குறித்து வைத்தால் பிள்ளைகள் தாங்களாகவே ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் பிரட்ரிக் கோட்டை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டை. பிரட்ரிக் என்ற பெயர் 1803இல் ஆங்கிலேயர் வைத்தது. வாசற் கல்லில் இரட்டை மீன் உருவமும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பிரிப்பர் என்ற கருத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகளும் உண்டு. பலரும் பார்க்காமலே கடந்து போகும் கல் இது. பிள்ளைகளை அங்கே பத்து நிமிடம் நிறுத்துங்கள். எழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, பாதி தேய்ந்துவிட்டது, அதனால் தமிழ் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஒரே அளவுக்குத் திணறுவார்கள். தமிழ் வாசிக்கத் தெரியவில்லையே என்று ஒதுங்கி நிற்கும் ரொறன்ரோப் பிள்ளை ஒரு எழுத்தையாவது கண்டுபிடித்துச் சொல்வது அங்கேதான்.

உள்ளே மான்கள் வழியில் நிற்கும். பொலித்தீன் தின்று சாகும் விலங்குகள் அவை, எதுவும் கொடுக்கவேண்டாம். சாப்பாட்டுப் பையைக் குரங்கு பறிக்கும், பை எப்போதும் மூடியே இருக்கட்டும். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. முகாம் கட்டடங்களையோ காவலரணையோ படம் எடுக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள், அங்கே போய்ச் சொன்னால் பிந்திவிடும். மேலே மீண்டும் கட்டப்பட்ட கோணேசர் கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். சப்பாத்தைக் கழற்றிய பின் கருங்கல் சுடும், ஆகவே 9 மணிக்கு முன் மேலே போய்விட வேண்டும். இராவணன் வெட்டு என்ற செங்குத்துப் பாறைப் பிளவின் பக்கத்தில் கம்பிக்கு இந்தப்பக்கம் ஒரு கை தூரத்தில் நிற்பது விதி. அங்கிருந்து கீழே பார்த்தால் கோட்டை முனை எப்படி டச்சுக் குடாவையும் பின்குடாவையும் பிரிக்கிறது என்று பிள்ளைக்கு விளங்கும். வரைபடத்தைத் திருத்த வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாம் நாள் சந்தை. வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள், நண்பகல் ஜும்மாவுக்குப் பல கடைகள் பூட்டும். போயா (முழுநிலா விடுமுறை) நாளும் வேண்டாம். வேலை இது: மூன்று பொருளின் விலையைக் கேட்டு எழுதி, ஒன்றை வாங்கி, மிச்சக்காசை எண்ணி வாங்கவேண்டும். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை தடுமாறுவது இங்கேதான். பூண்டு இங்கே உள்ளி, எலுமிச்சை தேசிக்காய், பப்பாளி பப்பாசி. "அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது போல" என்று கடைக்காரர் நினைத்துவிட்டால் பிள்ளை கூசிவிடும். முந்தின நாள் பிற்பகல் அந்தப் பிள்ளைகளையே ஆசிரியராக்கி, இரண்டு ஊர்ச் சொற்களையும் எதிரெதிரே எழுதவைத்தால் கூச்சம் போய்விடும். சிங்களத்திலும் நாலு சொல் வேண்டும்: கீயத (எவ்வளவு), கொஹெத (எங்கே), ஸ்தூதி (நன்றி), நவத்தன்ன (நிறுத்துங்கள்). மூன்று மொழி ஊரில் இந்த நாலும் இல்லாமல் பிள்ளையை அனுப்புவது அநியாயம்.

வீதி கடப்பது தனிப் பாடம். இங்கே வாகனம் இடப்பக்கம் ஓடும். கனடாவிலிருந்தும் பிரான்ஸ், ஜேர்மனியிலிருந்தும் வந்த பிள்ளையின் கழுத்து முதலில் இடதுபக்கம் திரும்பும். வண்டி வருவது வலதுபக்கத்திலிருந்து. வாயால் சொல்லித் திருத்த முடியாது, உடம்பின் பழக்கம் அது. மண்டப வளவில் சோக்குக் கோடு போட்டு "வலம், இடம், வலம்" என்று ஐம்பது முறை கடக்க வைத்த பிறகுதான் வீதி. பாதசாரிக் கடவையிலும் வாகனம் நிற்கும் என்று நம்பக்கூடாது. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, வண்டி உண்மையிலேயே நின்ற பின் கால் வைக்கவேண்டும்.

நாலாம் நாள் பஸ். நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் உள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறையில் இறங்கலாம். கற்களில் உள்ள திகதிகளை வாசித்து, 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலின் கதையைச் சொல்ல அது நல்ல இடம். ஏறுமுன் பலகையின் தமிழ் எழுத்தை ஒருவர் வாசிக்க, நடத்துநரிடம் இடத்தைச் சொல்லி இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும். இறங்கும் இடத்தை யாரும் அறிவிக்கமாட்டார்கள், இரண்டு அடையாளத்துக்கு முன்பே எழும்பி, "இறக்கம்!" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். மெல்லச் சொன்ன பிள்ளை அடுத்த தரிப்பில்தான் இறங்கும். அப்படி நடந்தால் பெரியவர் பேசாமல் கூடவே இறங்கித் திரும்பி நடக்கட்டும்.

பிள்ளை தவறிப்போனால்: நின்ற இடத்திலேயே நிற்பது, ஓடித் தேடாமலிருப்பது, பத்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் பக்கத்து மருந்துக் கடைக்கோ பிள்ளையோடு நிற்கும் ஒரு பெண்ணிடமோ போய் அட்டையைக் காட்டுவது. அட்டையில் முகாமின் தொலைபேசி எண் மட்டும். பெயரும் வீட்டு முகவரியும் வெளியில் தெரியக்கூடாது. பின்புறத்தில் 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், 1929 சிறுவர் உதவி. நாய் கடித்தால், சிறு கீறலானாலும், 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி அன்றே ஆஸ்பத்திரி. வேலியில்லாத பாழ்வளவுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது, கட்டில்லாத கிணறுகள் பற்றைக்குள் மறைந்திருக்கும். ஒவ்வொரு தரிப்பிலும் கடலுக்கு எதிர்ப்பக்க மேடு எது என்று ஒரு பிள்ளை கைகாட்டவேண்டும்; 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அறிந்த ஊரில் இந்தக் கேள்விக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. தொலைபேசி வரைபடத்தை முழுக்க நம்பவும் வேண்டாம், படையினரின் மூடிய வீதிக்குள்ளும் அது வழி காட்டும்.

பெற்றோரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1983இலோ 1990இலோ கலவரத்தாலும் போராலும் ஊரைவிட்டுப் போனவர்களின் மனதில் அந்த ஆண்டின் ஊர் அப்படியே இருக்கிறது. கூட நடக்க விட்டால், "இங்கதான் எங்கட கடை இருந்தது" என்று ஒவ்வொரு சந்தியிலும் நிற்பார்கள், பிள்ளையின் கணக்குக் குழம்பிவிடும். அந்த நினைவு வீணில்லை. அதற்கு இடம் மாலை நேரம். அப்பாவும் அம்மம்மாவும் தங்கள் நினைவிலுள்ள தெருவைத் தனித்தாளில் வரையட்டும், பிள்ளை மறுநாள் போய் எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்து வரட்டும். ஏன் அந்த வீடு இல்லை என்று பிள்ளை கேட்கும். பதிலை முகாம் சொல்லக்கூடாது, வீட்டார்தான் சொல்லவேண்டும். அதற்கு ஒரு நாள் முன்பே அவர்களுக்குச் சொல்லி வைப்பது முகாமின் கடமை.

ஐந்தாம் நாள் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரை 1 கிலோமீற்றர் கூட்டிப்போகும். வழியும் நேரமும் பிள்ளையின் தீர்மானம். பெரியவர் ஓரடி பின்னால், வாய் பேசாமல். பிழையாகத் திரும்பினால் மூன்றாவது சந்தி வரை பொறுக்கவேண்டும். பெரும்பாலும் இரண்டாவதிலேயே பிள்ளை நின்று சுற்றிப் பார்க்கும். வரைந்த படத்துக்குப் பிளாஸ்ரிக் உறை போடவேண்டாம். வீட்டுச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் கட்டிவிடுங்கள். அடுத்த ஒழுங்கையைப் பிள்ளை தானே சேர்க்கும்.