கடலூரில் ஏழு பிள்ளைகளோடு தொடங்கிய கால்பந்து

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் விசிலோடு நிற்பதைப் பார்த்துப் பழைய பிளேயர் போல என்று நினைக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். ஆறாவது படிக்கும்போது என் பெண் பையன்களோடு ஆடப் போனாள், ஆள் குறைந்தால் கூப்பிடுகிறோம் என்று அவர்கள் ஓரமாக உட்கார வைத்துவிட, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். பெண்பிள்ளைகளுக்கென்று தனி அணி தொடங்க அவ்வளவுதான் ஆரம்பம்.

முதல் மாதம் ஏழு பேர். எங்கள் தெருவில் நாலு, தேவனாம்பட்டினத்தில் மூன்று. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு சொல்லித்தர வந்தாள். நான் பெருமையாக வாங்கிப்போன பந்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள். அது 5ஆம் சைஸ், பெரியவர்கள் ஆடுவது, இந்த வயதுக்கு 4ஆம் சைஸ்தானாம். கடைக்காரர் மாற்றித்தரவில்லை.

சாயங்காலம் மைதானம் முழுக்கப் பையன்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி என்று காலை ஐந்தே முக்காலுக்கு மாற்றினோம். அந்த இருட்டில் பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? நானும் இன்னொரு அம்மாவும் வீடு வீடாகக் கூட்டிப்போய், முடிந்ததும் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். அப்படி வாசலில் நிற்கும்போதுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "ஆன்ட்டி, நாங்களும் வரட்டுமா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அணி வளர்ந்தது அப்படித்தான், நான் அடித்த நோட்டீஸைப் பார்த்து ஒருத்தர்கூட வரவில்லை.

பிள்ளைகளுக்கு ஆசை இருந்தது, வீட்டில்தான் பிடிகொடுக்கவில்லை. நம்ம கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் என்று சொல்லிப் பார்ப்பேன். இந்திய ஜெர்சியைப் பற்றி ஒரு அம்மாகூடக் கேட்டதில்லை. போலீஸ் வேலை எப்படிக் கிடைக்கும் என்பதைத்தான் அரை மணி நேரம் விசாரிப்பார்கள், கேட்டுவிட்டு "முட்டி தெரியாம ஆட முடியுமா" என்பார்கள். அதற்காக அரைக்கால் டிரவுசருக்குள் லெக்கின்ஸ் போடச் சொன்னோம். ஆனால் முதல் மேட்ச் அன்றைக்கு ரெஃப்ரி நிறுத்திவிட்டார். லெக்கின்ஸ் டிரவுசரின் நிறத்திலேயே, எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது விதி. எங்களில் பாதிப் பேர் கருப்பு, மீதி நீலம், ஒருத்தி ரோஸ். பக்கத்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்து ஆடி, ஒன்பது கோல் வாங்கினோம்.

அப்புறம் பதிவு. ஆன்லைனில் வீரர் பதிவு செய்ய ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். எடுத்துப் பார்த்தால் மூன்று பேருடைய சான்றிதழில் பெயரே இல்லை, பெயர் வைப்பதற்கு முன்னால் பதிந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 15 வருடத்துக்குள் பெயரைச் சேர்த்துவிட வேண்டும், ஒருத்திக்கு இரண்டே மாதம் பாக்கி. அவள் அப்பா விடியற்காலையிலேயே கடலுக்குப் போகிறவர், பகலில் ஆபீஸ் பக்கம் வர முடியாது. நானே அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை ஸ்கூலில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒன்பது நாள் மிச்சம் இருக்கும்போது பெயர் ஏறியது. பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்கள் பந்து வாங்குவதற்கு முன்னால் சான்றிதழை வாங்கிப் பாருங்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, ஆற்றோரம் இருந்த இரண்டு பேரின் ஷூ, பை எல்லாம் போயிற்று. மூன்று வாரம் பயிற்சி இல்லை. திரும்ப வருவார்களா என்று பயந்தேன், வந்தார்கள், ஆளுக்கு ஒரு தங்கையையும் இழுத்துக்கொண்டு.

இப்போது இருபத்துமூன்று பேர். அந்த 5ஆம் சைஸ் பந்து மூத்தவர்களுக்கு உதவுகிறது. வருகிற ஜூனில் ஐந்து பேர் பத்தாவது போகிறார்கள், "இந்த வருஷம் வேணாம்" என்று வீட்டில் ஆரம்பித்தாயிற்று. ஞாயிறு மட்டும், ஏழரைக்குள் வீடு என்று பேசிவைத்திருக்கிறேன். மூன்று வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். நாலாவது வீட்டுக்கு நாளைக்குப் போக வேண்டும். ஐந்தாவது என் வீடு, அங்கே அவள் அப்பாவிடம் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.