ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் காத்திருப்பாரா?

"எழுத்து அதுவா வர்ற வரைக்கும் ஒன்னாங்கிளாஸ் மிஸ் காத்துக்கிட்டு இருப்பாங்களா?" என்று சென்னை புளியந்தோப்பில் ஒரு தாய் கேட்டார். எழுத்தைத் திணிக்காமல், விளையாட்டின் வழியே சிறு பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் எங்கள் கோடை முகாமைப் பற்றிய பேச்சில் எழுந்த கேள்வி அது. "இருப்பாங்கம்மா" என்றேன். முகாம் முடிந்து பள்ளிகள் திறந்துவிட்ட பிறகும், அந்த ஒற்றைச் சொல்லை எந்த உரிமையில் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் நம்பாத எதையும் அவரிடம் சொல்லவில்லை. மணி கோப்பதும் களிமண் பிசைவதும் காகிதம் கிழித்து ஒட்டுவதும்தான் பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களை உறுதிப்படுத்துகின்றன. கதை கேட்டுத் திரும்பச் சொல்லும் பிள்ளைக்கே பின்னர் வாசிப்பு எளிதாகிறது. அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் செல்லும் வழியும் இதுதான். 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பக் கற்பிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. ஆகவே காத்திருப்பார்கள் என்று நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

ஆனால், அந்தத் தாய் எந்தப் பள்ளியை மனத்தில் வைத்துக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை. அவருடைய மூத்த மகள், கரும்பலகையைப் பார்த்து எழுத வராததால், ஒரு தனியார் பள்ளியில் ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அப்படித்தான் நடக்கும் என்ற தெளிவு மட்டுமே இருந்தது. நான் பேசியது பாடத்திட்டத்தை வைத்து. அவர் பேசியதோ தாம் கண்ட ஒரு வகுப்பறையை வைத்து.

சட்டமும் இந்த வயதுக் குழந்தைகளுக்குப் பெரிய துணையாக இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் கல்வியை உரிமையாக்குகிறது; மூன்று முதல் ஆறு வயது வரையிலான முன்பருவக் கல்வியை அரசின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கண்ணகி நகர் முதல் காசிமேடு வரை எங்கள் தன்னார்வலர்கள் கோடை வெயிலில் வீடு வீடாகப் போனார்கள். பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்துவது பற்றியே எங்கள் பயிற்சி அனைத்தும் இருந்தது. பிள்ளைக்காகப் பள்ளியைத் தயார்ப்படுத்துவது யார் பொறுப்பு என்று நாங்கள் பேசியதாக நினைவில்லை. எனக்கு இதுவே பெரிய குறையாகத் தோன்றுகிறது.

முகாமின் இறுதி வாரத்தில் பிள்ளைகளை எழுத வைக்கச் சிலேட்டைக் கொண்டுவரலாமா என்று ஒருங்கிணைப்பாளர்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பிற பகுதிகளிலும் பெற்றோர் அதையே கேட்டிருந்தார்கள். கேட்பதைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு விளையாட்டு நேரம் முழுவதையும் சிலேட்டே விழுங்கிவிடும் என்றேன். இன்றும் அந்த அச்சம் சரியென்றே கருதுகிறேன். ஆயினும், ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை மட்டும் எழுதிப் பழகட்டும் என்ற முடிவுக்கு ஒப்புக்கொண்டேன். அது கொள்கையால் எடுத்த முடிவா, அந்தத் தாயின் முகத்துக்காக எடுத்த முடிவா என்று எனக்கே தெளிவில்லை.

பெயரோடு நிறுத்தாமல் உயிரெழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று இப்போது ஒரு தன்னார்வலர் கேட்கிறார். வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். காரணங்கள் எல்லாம் பழைய காரணங்கள்தான். அவற்றை முன்பிருந்த உறுதியோடு என்னால் சொல்ல முடியவில்லை.